மெம்பர் ஆகாமல் வண்டி கிளம்பாது

ஆக்லாந்தில் மாப்பிள்ளை எனக்குச் சுற்றிக் காட்டிய முதல் இடம் அவர் வீட்டு டிவி.

விமான நிலையத்திலிருந்து தகனினியில் இருக்கும் வீட்டுக்கு வந்து, குளித்துவிட்டு, தங்கை வசந்தி வைத்த ரசத்தை இரண்டாம் முறை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தேன். மாப்பிள்ளை குணசேகரன் ரிமோட்டை எடுத்தார். படமோ பாட்டோ வரப்போகிறது என்று சோற்றுக் கையோடு நிமிர்ந்து உட்கார்ந்தேன். வந்தது ஓர் அட்டவணை. பச்சைக் கட்டம், மஞ்சள் கட்டம், சிவப்புக் கட்டம். சுவரில் பாதியை அடைத்த அந்த டிவியில், ஜமக்காளத்தை உதறிக் காயப் போட்டது மாதிரி தொங்கியது.

"இதுதாங்க மச்சான் நம்ம டூரு" என்றார்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு மேனேஜர். பத்தாவதோடு படிப்பு நின்றது. அதற்குமேல் கற்றதெல்லாம் மண்டபத்துக்கு வந்து போகிறவர்கள் வாயிலிருந்து பொறுக்கியது. யார் என்ன சொன்னாலும் வீட்டுக்குப் போகும்வரை அசைபோட்டுக்கொண்டே நடப்பேன். தங்கை புருஷன் வயதில் சின்னவராக இருந்தாலும் 'வாங்க போங்க'தான். எதிர்த்துப் பேசுகிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. மனதுக்குள் பேசிக்கொள்ளத் தடையில்லை. இந்தக் கட்டுரையில் பாதி அப்படிப் பேசியதுதான்.

குணசேகரன் கோயம்புத்தூர்க்காரர், கம்ப்யூட்டர் வேலை. போன குளிர்காலத்தில் பழைய வீட்டு வண்டி ஒன்றை வாங்கியிருந்தார். வேன்தான், உள்ளே கட்டில், அடுப்பு, தொட்டி, அலமாரி எல்லாம் இருக்கும். அந்த நாட்டில் லீவு விட்டால் ஜனங்கள் வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை, வீட்டோடு கிளம்புகிறார்கள். வண்டியை நிறுத்திப் படுக்க ஊருக்கு ஊர் கேம்ப் இருக்கிறது. நம்முடைய மண்டபத்திலிருந்து கல்யாணத்தை எடுத்துவிட்டால் கிடைப்பதுதான் கேம்ப்: பொதுச் சமையல்கட்டு, பொதுக் குளியலறை, கரண்டுக்கு ஒரு பிளக், யார் எவர் என்று தெரியாத கூட்டம்.

வாடகை உண்டு. வாடகையைக் குறைக்க மெம்பர்ஷிப் உண்டு. அதில்தான் மாப்பிள்ளை மாட்டிக்கொண்டிருந்தார்.

டிவியில் கோல் வைத்துக் காட்டாத குறையாக விளக்கினார். ஒரு கார்டு எடுத்தால் அந்தக் கம்பெனியின் கேம்ப்களில் கொஞ்சம் தள்ளுபடி; கார்டு வாங்கவே ஒரு கட்டணம். இன்னொரு கார்டில் பாதி வாடகை. ஆனால் ஜனவரியில் செல்லாது, பள்ளி விடுமுறையில் செல்லாது, சனி ஞாயிறு செல்லாது. அடைமழையில் மட்டும் மகா தாராளம். மூன்றாவது ஒரு சங்கம். சந்தா கட்டிச் சேர்ந்தால் சங்கத்து இடங்களில் டீக்காசுக்குத் தங்கலாம். நான்காவது திட்டத்தில் தோட்டக்காரர்கள் சும்மாவே இடம் தருகிறார்கள். கிளம்பும்போது அவர்களிடம் தேனோ பழமோ வாங்கிக்கொள்வது மரியாதை.

"வாங்காமலும் வரலாங்க. கண்டிஷன்ல எங்கயும் போடலை" என்றார் மாப்பிள்ளை.

"எவ்வளவு மிச்சமாகும்?" என்று கேட்டேன்.

"மிச்சம் பெருசில்லைங்க மச்சான். முழு ரேட் குடுத்துத் தங்குறது ஏமாந்தவன் வேலை. அதான்."

அந்த வாக்கியத்தை அப்படியே மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

வசந்தி தட்டை எடுக்க வந்தாள். அவளுக்கு மருத்துவமனையில் டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ் வேலை. "திங்கக்கிழமை காலைல கிளம்புறோம்ணே" என்றாள். "எனக்கு அந்த ஒரு வாரம்தான் லீவு. ரெண்டு வருஷமா ஜனவரி லீவை மத்தவங்களுக்கு விட்டுக் குடுத்து, இந்தத் தடவை சண்டை போட்டு வாங்கியிருக்கேன். வடக்கே கடைசி முனைக்குப் போறோம். ரெண்டு கடல் சேர்ற எடம்."

"கன்னியாகுமரி மாதிரியா?"

"பாத்தாத்தானே தெரியும்" என்றாள்.

ஊசி போடும்போது நோயாளிக்கு வலி தெரியாமலிருக்க அவர்கள் ஊரைப் பற்றிக் கேட்பாளாம். வடக்கிலிருந்து வருகிறவர்கள் நிறைய. தினம் ஊசி, தினம் கதை. கேட்டுக் கேட்டு அந்த முனை அவளுக்கு மனப்பாடம். ஆனால் இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து வீடு, மோட்டார்வே, மருத்துவமனை, மறுபடி மோட்டார்வே. போன மாதம் ஒரு நோயாளி அம்மா, "எங்கள் முனையைப் பார்க்காமல் நீ எப்படி இந்த ஊர்க்காரி?" என்று கேட்டுவிட்டாராம். இதைச் சொல்லும்போது வசந்தி சிரித்தாள். சிரிப்பு நன்றாக இல்லை.

சாப்பாடு முடிந்ததும் வண்டியைப் பார்க்கக் கூட்டிப் போனார்கள். வாசலில் இடம் பற்றாமல் தெருவில் நின்றது. எதிர்வீட்டுக் கிழவர் அதைத் தாண்டித் தன் ரோஜாச் செடியைப் பார்க்க எட்டி எட்டி நின்றுகொண்டிருந்தார். கதவைத் திறந்ததும் கைக்கெட்டும் தூரத்தில் அடுப்பு. அதை ஒட்டி ஒரு குட்டி அறை. உள்ளே அரிசி டப்பா, மிக்ஸி, மேலே பலகை அடித்து முருகன் படம், அதற்கு ஒரு சின்ன லைட்.

"இதுல முன்னாடி கக்கூஸ் இருந்துதுங்க மச்சான்" என்றார் மாப்பிள்ளை. "எங்கம்மா வீடியோ கால்ல பாத்துட்டு, அடுப்புக்கும் அதுக்கும் நடுவுல ஒரு பலகைதானான்னு கேட்டுட்டு அன்னைக்கு முழுக்கச் சாப்பிடலைங்க. மறுநாளே கழட்டிட்டேன். கராஜ்ல கெடக்குது."

மண்டபத்தில் சமையல்கட்டுக்கும் கழிப்பறைக்கும் எவ்வளவு தூரம் என்று நடந்து பார்த்துவிட்டுத்தான் பெண்வீட்டார் அட்வான்ஸே கொடுப்பார்கள். எனக்கு அந்த மனிதர்மேல் மரியாதை கூடியது. "நல்ல காரியம் பண்ணீங்க மாப்பிள்ளை" என்றேன். முன்கண்ணாடியில் ஒரு பச்சை அட்டை ஒட்டியிருந்தது. "அது வண்டியோட வந்துதுங்க" என்றார். நாங்கள் எல்லாரும் முருகனைக் கும்பிட்டுவிட்டு இறங்கினோம்.

ஞாயிற்றுக்கிழமை. ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்று கூட்டிப்போனார். சுற்றினோம், ஆலோசனை கேட்பதற்காக.

முதலில் ஒனிஹங்கா. பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் ரெஜினா ஆன்ட்டியின் வீடு. மலேசியாவிலிருந்து வந்தவர், வசந்தியோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அப்போதுதான் சர்ச்சிலிருந்து திரும்பியிருந்தார். "பசியாறியாச்சா?" என்பதுதான் முதல் கேள்வி. இந்த ஒரு சொல்லுக்காகவே மலேசியாக்காரர்களுக்கு எழுந்து நிற்கலாம். நாங்கள் வீட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டு வந்திருந்தோம்; இருந்தும் பசியாறவில்லை என்று பொய் சொன்னேன். கறிபப் வந்தது. உள்ளே உருளைக்கிழங்கு மசாலா, மேலே மொறுமொறு. பொய்க்குத் தகுந்த பலன்.

"அந்தச் சங்கம் எல்லாம் வேணாம் தம்பி" என்றார் ஆன்ட்டி. "அங்க வெறும் புல்லுதான் லா. குளிக்க எடம் இல்ல. என் கார்டு எடுங்க. சுடுதண்ணி இருக்கு, டிவி ரூம் இருக்கு. என் கோட் நம்பர் போட்டுச் சேந்தா உங்களுக்கும் ஒரு நைட் ஃப்ரீ, எனக்கும் ஒரு நைட் ஃப்ரீ."

அடுத்து மவுண்ட் வெல்லிங்டன். பெரிய கடைத்தொகுதியைத் தாண்டிப் பட்டறைகளுக்கு நடுவில் சிவபாலன் அண்ணை வீடு. யாழ்ப்பாணத்துக்காரர், கணக்காளர். வாசலில் எங்களுடையதைவிடப் பெரிய வண்டி, உறை போட்டு நின்றது.

"இருங்கோ, இருங்கோ" என்று என்னை உட்காரவைத்துவிட்டு மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "தம்பி, நான் சொல்லுறதைக் கேளும். வான் வாங்கிறது கலியாணம் மாதிரி, ஒரு நாள் கூத்து. மெம்பர்ஷிப்தான் குடும்பம். பாத்து எடுக்க வேணும். உந்தக் கார்ட்டுகளை விடும். சங்கத்திலை சேரும். நான் ஒரு நாளெண்டாலும் முழுக்காசு குடுத்துப் படுத்திருப்பனோ எண்டு கேட்டுப் பாரும்."

"ஓம், படுக்கேல்லை" என்று அடுக்களையிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "எங்க போனவர் படுக்கிறதுக்கு? வாங்கின நாள் தொட்டு வான் உதிலைதான் நிக்குது."

அண்ணை அதைக் காதில் வாங்கவில்லை. "சேரேக்கை என்ரை நம்பரைப் போடும் தம்பி. அடுத்த வருசச் சந்தாவிலை எனக்குக் கொஞ்சம் கழிப்பினம்" என்றார்.

எனக்கு மண்டபம் ஞாபகம் வந்தது. பந்தல்காரர் பூக்காரரைச் சொல்வார். பூக்காரர் மேளத்தைச் சொல்வார். மேளக்காரர் வீடியோவைச் சொல்வார். ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு உள்ளே ஓடும். நம் குடும்பத்தின்மேல் எல்லாருக்கும் எவ்வளவு பாசம் என்று பெண்ணின் அப்பா கண் கலங்குவார். மாப்பிள்ளையும் திரும்பி வரும் வழியெல்லாம் கலங்கித்தான் போயிருந்தார். "ரெண்டு பேருமே நம்ம நல்லதுக்குத்தான் சொல்றாங்க. அதான் மச்சான் கொழப்பமா இருக்கு."

திங்கட்கிழமை காலையில் கிளம்பவில்லை.

வசந்தி புளியோதரை கிளறி, எள்ளுப்பொடி இடித்து, ஒரு பெரிய டப்பா நிறைய இட்லி மாவு அரைத்துத் தயாராக இருந்தாள். மாப்பிள்ளை பல் துலக்காமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். புதிதாகச் சேர்கிறவர்களுக்குச் சங்கம் நாளைக்கு ஏதோ சலுகை அறிவிக்கப்போவதாகச் சிவபாலன் அண்ணை செய்தி அனுப்பியிருந்தார். "ஒரு நாள்தானே வசந்தி" என்றார்.

வசந்தி மாவு டப்பாவைத் திறந்து, அங்கேயே இட்லி ஊற்றினாள்.

செவ்வாய்க்கிழமை சலுகை வந்தது. ஒரு துணிப்பை இனாம். ஆனால் அதற்குள் ரெஜினா ஆன்ட்டியின் கார்டிலும் ஏதோ புதிய சலுகை வந்துவிட்டது. டிவியில் ஜமக்காளத்துக்கு இரண்டு கட்டம் கூடியது. அங்கே ஜனவரிதான் கோடை; வெயிலுக்கு மாவு, டப்பா மூடியைத் தூக்கிக்கொண்டு நின்றது. அன்றைக்குத் தோசை. கொஞ்சம் புளிப்பு.

மகள் நிலா சோபாவில் படுத்திருந்தாள். அங்கேயே பிறந்தவள், நாம் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். அவள் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "அப்பா, போன வருடம் எந்தக் கூடாரம் நல்லது என்று பார்த்தீர்கள். அதற்கு முந்தின வருடம் கயாக் படகு. நாம் எதிலும் போகவில்லை. ஆனால் எல்லாவற்றைப் பற்றியும் நமக்குத் தெரியும்."

"ரிசர்ச் பண்ணாம எறங்குனா ஏமாத்திருவாங்க கண்ணு" என்றார் அவர்.

வசந்தி என்னைப் பார்த்தாள். நான் மாப்பிள்ளையிடம் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பாள். நான் தோசைக்குச் சட்னி கேட்டேன்.

அன்று சாயங்காலம் அவர் சங்கத்திலும் சேர்ந்தார், ஆன்ட்டியின் கார்டையும் எடுத்தார். ஒருவரையும் பகைத்துக்கொள்ள வேண்டாமே என்று. இரண்டு கார்டையும் வீட்டிலேயே அச்சடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கார்டு ஜனவரியில் செல்லாது என்பது அட்டவணையிலேயே சிவப்புக் கட்டத்தில் இருந்தது. "இருக்கட்டுங்க மச்சான், மழைக்காலத்துக்கு ஆகும்."

புதன்கிழமை ஒருவழியாக வண்டி கிளம்பியது.

பெட்ரோலை மிச்சம் பிடிக்க மாப்பிள்ளை மோட்டார்வேயில் மாட்டுவண்டி வேகத்தில் போனார். பின்னால் கார்கள் ஊர்வலமாகத் திரண்டன. தாண்டிப் போன ஒருவர் கண்ணாடியை இறக்கி ஏதோ கத்தினார். "என்னங்க சொல்றார்?" என்றேன். "வீட்டை எங்கே தூக்கிட்டுப் போறேன்னு கேக்குறாரு" என்று மாப்பிள்ளை சொன்னார். அவர் அதைவிடச் சுருக்கமாகத்தான் கத்தினார் என்றாள் நிலா. மவுண்ட் வெல்லிங்டன் பக்கம் ஒரு வளைவில் அலமாரிக் கதவு திறந்து சாம்பார்ப்பொடி டப்பா கவிழ்ந்தது. துறைமுகப் பாலத்தை நான்கு பேரும் தும்மிக்கொண்டே கடந்தோம். பாலத்தின் மேலிருந்து பார்த்தால் ஆக்லாந்து அழகாகத் தெரியுமாம். எனக்குக் கண்ணைத் திறக்க முடியவில்லை.

மதியத்துக்குமேல் சங்கத்து இடத்துக்கு வந்து சேர்ந்தோம். நகரத்தின் வடக்கு ஓரத்தில் ஒரு குடாவைப் பார்த்த புல்வெளி. ரெஜினா ஆன்ட்டி சொன்னது சரிதான், வெறும் புல். ஆனால் என்ன புல். வரிசையாக வெள்ளை வண்டிகள், ஒவ்வொன்றின் முன்னாலும் இரண்டு நாற்காலி, நாற்காலியில் நரைத்த ஒரு ஜோடி, கையில் புத்தகம். மெம்பர் ஆகிவிட்ட பெருமையில் மாப்பிள்ளை ஹாரனை லேசாகத் தட்டினார். புத்தகங்கள் தாழ்ந்தன.

வாசலில் பொறுப்பாளர் ஓர் அம்மா. வெள்ளை முடி, வைக்கோல் தொப்பி. கண்ணாடியில் இருந்த பச்சை அட்டையைப் பார்த்துத் தலையாட்டினார். "சும்மா ஒரு பார்வை" என்று உள்ளே எட்டிப் பார்த்தார். அவரும் மாப்பிள்ளையும் ஆங்கிலத்தில் பேசியதை நிலா எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"கழிப்பறை எங்கே?"

"வீட்டில் இருக்கிறது."

"வண்டி இங்கே இருக்கிறதே."

மாப்பிள்ளை விளக்கினார். அடுப்பைச் சொன்னார், பலகையைச் சொன்னார், தன் அம்மா பட்டினி கிடந்ததைச் சொன்னார். அந்த அம்மா குறுக்கே பேசாமல் கேட்டார். கழிப்பறையும் கழிவுத் தொட்டியும் வண்டியிலேயே பொருத்தியிருந்தால்தான் அந்தப் பச்சை அட்டை செல்லும். அட்டை செல்லும் வண்டிக்குத்தான் சங்கத்தில் இடம். கழிப்பறையைக் கழற்றிய நாளே அட்டை வெறும் காகிதம். காரணம் எளிது: அந்தப் புல்வெளியில் கக்கூஸே கிடையாது. இத்தனை பேரும் சொந்தமாகக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

நான் அந்த நாற்காலி ஜோடிகளைப் பார்த்தேன். ஒவ்வொருவர் அடுப்புக்குப் பக்கத்திலும் அது இருக்கிறது. எல்லாரும் நிம்மதியாகப் புத்தகம் படிக்கிறார்கள். நாங்கள் மட்டும்தான் சுத்தம் பார்த்து, ஒதுங்க இடமில்லாமல் வந்து நிற்கிறோம்.

மாப்பிள்ளை கடைசி முயற்சியாக முருகனுடைய லைட்டைப் போட்டுக் காட்டினார். பொறுப்பாளர் அம்மா தொப்பியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "அழகாக இருக்கிறார். ஆனால் சட்டம் கேட்பது இவரை இல்லை" என்றார்.

வண்டியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு எல்லாரும் இறங்கினோம். மாப்பிள்ளை உடைந்து போய்விடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அவர் முகம் பிரகாசமாகிக்கொண்டு வந்தது.

"ஒண்ணும் பிரச்சினை இல்லைங்க. இப்பவே திரும்பினா ராத்திரிக்குள்ள வீடு. நாளைக்கு அதை மாட்டிரலாம். சர்டிஃபிகேட் குடுக்குற ஆளைப் பிடிச்சா வெள்ளிக்கிழமை கைக்கு வந்துரும். அப்புறம் வருஷம் பூரா நாம..."

"எனக்கு ஞாயித்துக்கிழமையோட லீவு முடியுது" என்றாள் வசந்தி.

"அதான் சொல்றேன். சனிக்கிழமை காலைல கிளம்புனோம்னா..."

"சாவி குடுங்க."

"எதுக்கு?"

"குடுங்க."

கொடுத்தார். குரலை உயர்த்தியிருந்தால் அவருக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும். அவள் மருத்துவமனையில் நோயாளியிடம் கையை நீட்டுங்கள் என்று சொல்லும் குரலில் கேட்டாள் என்று நினைக்கிறேன்.

"நான் வடக்க போறேன். கக்கூஸ் மாட்டணும்னா தெக்க போறதுக்கு அந்த நிறுத்தத்துல பஸ் வரும். நிலா, ஏறு. அண்ணே, நீயும் ஏறு."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். மச்சான் என்று ஒருவன் எதற்கு இருக்கிறான் என்று கேட்கும் பார்வை. மண்டபத்தில் இரண்டு வீட்டுக்கும் நடுவே இந்த மாதிரி நேரத்தில் நான் என்ன செய்வேன் என்று யோசித்தேன். ஜெனரேட்டரைப் பார்க்கப் போவதாகச் சொல்லி நழுவிவிடுவேன். அங்கே ஜெனரேட்டர் இல்லை.

"வாங்க மாப்பிள்ளை, போயிட்டு வந்துருவோம்" என்று சொல்லிவிட்டு ஏறினேன். அவர் கொஞ்ச நேரம் பஸ் நிறுத்தத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பின்கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

வசந்தி ஓட்டிய வேகத்தில் அந்த வண்டிக்கே ஆச்சரியமாக இருந்திருக்கும்.

பொழுது சாயும்முன் ஒரு கடற்கரை கேம்ப். பெரிய இடம், விடுமுறைக் கூட்டம். ஊஞ்சலில் பிள்ளைகள், பார்பிக்யூ புகை, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போகும் தாத்தாக்கள். முகூர்த்த நாளில் எங்கள் மண்டபம் எப்படியோ அப்படி. அங்கே வரவேற்பில் இருந்த இளைஞன் திரையில் தேடிப் பார்த்து, கரண்டு இல்லாத இடம் ஒன்று மட்டும் இருக்கிறது என்றான். வாடகையைச் சொன்னான். பின்னால் மாப்பிள்ளையின் மூச்சு நின்றது எனக்குக் கேட்டது.

"உங்களுக்கு ஏதாவது மெம்பர்ஷிப் இருக்கிறதா?" என்று கேட்டான்.

"இல்லை" என்றாள் வசந்தி.

"இப்போதே சேர்ந்துகொண்டால் இன்றைய வாடகையிலேயே குறையும். இரண்டு நிமிட வேலைதான்."

மாப்பிள்ளை ஓரடி முன்னால் வந்தார். வந்தது அவர் இல்லை, அவருடைய கால். வசந்தி திரும்பிப் பார்க்கவில்லை.

"வேண்டாம். முழு வாடகையே போட்டுக்கோங்க" என்றாள். கார்டை நீட்டினாள். "கடலுக்கு எந்த வழி?"

என் தங்கை அப்படி ஒரு சொகுசை அனுபவித்து நான் பார்த்ததில்லை. நகைக்கடையில்கூட இல்லை.

மறுநாள் காலை பொதுச் சமையல்கட்டில் மிச்ச மாவு முழுவதையும் ஊத்தப்பமாக ஊற்றினாள். நல்ல புளிப்பு, வெங்காயத்தைத் தூக்கலாகப் போட்டுச் சரிக்கட்டினாள். பக்கத்து அடுப்பில் மீன் பொரித்துக்கொண்டிருந்த ஒருவர் வாசனையில் கழுத்தை நீட்டினார். ஓர் ஊத்தப்பம் அந்தப் பக்கம் போனது, இரண்டு துண்டு மீன் இந்தப் பக்கம் வந்தது. விடியற்காலையில் தானே பிடித்ததாம். "இதுக்கு என்ன மெம்பர்ஷிப்?" என்று நிலா அவள் அப்பாவிடம் ஆங்கிலத்தில் கேட்டாள். அவர் மீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப்பின் வடக்கே போகப் போக, வழிகாட்டியது வசந்தி. போன் மேப்பை மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள்.

"இந்த ஊர் பேக்கரில ஆட்டுக்கறி பை நல்லாருக்குமாம். ஒருத்தர் எப்பவும் சொல்லுவார்."

"யாரும்மா?"

"பேரெல்லாம் சொல்லக் கூடாதுண்ணே, வேலை போயிடும். அவருக்கு உப்பு ஆகாது. அதனால பையைப் பத்திப் பேச்சு மட்டும்தான்."

நிறுத்தினோம். உள்ளங்கை அகலத்தில், மாவுக்குள் கறியை வைத்து மூடிச் சுட்ட பை. கடித்தால் குழம்பு முழங்கை வரை வழிகிறது. நம்மூர் பப்ஸ் இதன் முன்னால் வெறும் காற்று. அந்த மனிதர் சாப்பிட முடியாமல் பேசிப் பேசித் தீர்த்ததை நாங்கள் ரோட்டோரம் நின்று தின்றோம். வசந்தி பாதியோடு நிறுத்தி, "சரியாத்தான் சொல்லியிருக்கார்" என்றாள்.

இப்படியே ஒரு பாலம், ஓர் ஆறு, ஒரு பள்ளிக்கூடம், ஒரு பழக்கடை. ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் பெயர் இல்லாமல் நின்றுகொண்டிருந்தார். மாப்பிள்ளை பின்னால் உட்கார்ந்து முதலில் கோபமாக இருந்தார், பிறகு தூங்கினார், பிறகு ஜன்னல் வழியாகப் பார்க்க ஆரம்பித்தார். அந்த இரவு ஒரு சின்ன கேம்ப். அங்கேயும் முழு வாடகை. பணம் கட்டும் நேரத்தில் அவர் வண்டியின் டயர்களில் காற்று இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டார். நான்கு டயரையும் இரண்டு சுற்று பார்த்தார்.

வெள்ளிக்கிழமை முனைக்கு வந்தோம்.

வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு பலகை: இது இந்த நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளுக்குப் புனிதமான இடம், இறந்தவர்களின் ஆவிகள் இங்கிருந்துதான் புறப்பட்டுப் போகின்றன, இங்கே சாப்பிடாதீர்கள். அன்று காலை வசந்தி புதிதாகக் கிளறிய புளியோதரைத் தூக்கை மறுபடி வண்டிக்குள் வைத்தேன். கன்னியாகுமரியில் அஸ்தி கரைப்பவருக்கும் மாங்காய்ச் சுண்டல் தின்பவருக்கும் நாம் ஒரே படியைத்தான் ஒதுக்கியிருக்கிறோம். இங்கே வெறும் காற்று. சரிவில் பாதை வளைந்து இறங்கி, அடியில் ஒரு வெள்ளைக் கலங்கரை விளக்கம். அதற்கப்பால் ஒரு கடல் பச்சையாகவும் ஒரு கடல் நீலமாகவும் வந்து, நடுவில் வெள்ளைக் கோடாக முட்டிக்கொள்கின்றன. அலை கரைக்கு வருவதைத்தான் பார்த்திருக்கிறேன். இங்கே அலைக்கு எதிரே அலை வருகிறது.

வசந்தி போட்டோ எடுக்கவில்லை. துப்பட்டாவைத் தலையோடு சுற்றிக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாள். மாப்பிள்ளை போய்ப் பக்கத்தில் நின்றார். ஏதோ சொல்ல வாய் திறந்தார். "சும்மா பாருங்க" என்றாள். பார்த்தார். உண்மையாகவே பார்த்தார், நான் கவனித்தேன்.

அப்போது பின்னால் ஒரு வயதான வெள்ளைக்காரத் தம்பதி வந்தார்கள். மேலே எங்கள் வண்டிக்குப் பக்கத்தில் கப்பல் மாதிரி ஒரு வண்டியை நிறுத்தியவர்கள். அந்த மனிதர் சிநேகமாகச் சிரித்து, "நல்ல வண்டி. நீங்கள் எந்தக் கிளப்பில் இருக்கிறீர்கள்?" என்று மாப்பிள்ளையிடம் கேட்டார். இது எனக்கே புரிந்தது.

மாப்பிள்ளையின் கை சட்டைப்பைக்குப் போனது. இரண்டு கார்டும் அதற்குள்தான் இருந்தன. வசந்தியைப் பார்த்தார். கையை எடுத்துவிட்டார்.

"எதிலும் இல்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னார். "நான் இவர்களோடு வந்தவன்."

வசந்தி, காற்றில் பறந்த துப்பட்டாவின் ஒரு நுனியை அவர் கையில் பிடிக்கக் கொடுத்துவிட்டு முடியைச் சரிசெய்துகொண்டாள். பிறகு அதை வாங்கிக்கொண்டு, நிலாவைக் கூட்டிக்கொண்டு கலங்கரை விளக்கத்தை நோக்கி இறங்கினாள்.

அவர்கள் முதல் வளைவில் மறையும்வரை மாப்பிள்ளை பொறுத்தார்.

"மச்சான், நீங்க மெதுவா எறங்கிட்டே இருங்க. அவங்க எந்தக் கிளப்புன்னு மட்டும் கேட்டுட்டு ஓடி வந்துர்றேன்."

நான் இறங்கத் தொடங்கினேன். வசந்தி எனக்கு வெகு முன்னால் போய்க்கொண்டிருந்தாள், இரண்டு கடலையும் இரண்டு பக்கத்தில் வைத்துக்கொண்டு, யாருக்கும் காத்திராமல்.